உவெஸ்ஸான் தீவில் எட்டு இடங்கள்

ஞானரட்ணத்துக்கு நாற்பத்திரண்டு வயது. பாரிசில், மார்க்ஸ் டோர்மோயில் ஐந்து பேர் குடியிருக்கும் ஒற்றை அறையில் ஜன்னலோரக் கட்டில் அவருடையது. ஆறு வருடமாக ஒரே உணவகத்தின் நிலவறையில் கோப்பை கழுவுகிறார். இந்த விவரமெல்லாம் நம்மவர் கூடும் லா ஷப்பலில் பாதிப் பேருக்குப் பொருந்தும். ஆகவே அவரைப் பற்றித் தனியாக எழுத எதுவும் இருந்திருக்காது. ஆனால் 1986ஆம் ஆண்டு அந்த மனிதர் பறவை பார்க்க ஆசைப்பட்டுத் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டார்.

கழுவும் தொட்டிக்கு மேலே, முற்றத்தைப் பார்த்தபடி ஒரு சின்ன ஜன்னல். பின்னேரம் நாலு மணிக்கு அங்கே குப்பைத்தொட்டியில் ஒரு கடற்காகம் வந்து உட்காரும். கடல் இல்லாத ஊரில் இதற்கு என்ன வேலை என்று கல்லாவில் இருக்கும் ஜெனவியேவிடம் கேட்டார். அவர் பிரெத்தோன்காரி, பிரான்சின் மேற்குக் கடலோரத்தில் பிறந்தவர். “உங்களைப் போலத்தான். வேலை தேடி வந்திருக்கும்” என்றார். மறுநாள் ஒரு துண்டுப் பிரசுரம் கொண்டுவந்து கொடுத்தார்.

அட்லாண்டிக்கில் உவெஸ்ஸான் என்றொரு தீவு. ஒக்ரோபரில் நாலு நாள், பறவை பார்க்கப் பழகுவோருக்கு ஒரு பறவைச் சங்கம் நடத்தும் விடுமுறை. வழிகாட்டி உண்டு, படுக்கை உண்டு, சூப் உண்டு. மொத்தம் எட்டு இடங்கள். அட்டையில் ஒரு வெள்ளைக் கடற்பறவை, சிறகு நுனி மட்டும் கறுப்பு. முப்பது மீற்றர் உயரத்திலிருந்து சிறகை மடித்துக்கொண்டு தலைகீழாகக் கடலுக்குள் விழுகிறது. ஆறு வருடமாகத் தட்டுகளையே பார்த்த மனிதருக்கு அந்த விழுகையை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்று இருந்தது. வேறு எந்த ஆசையும் இல்லை. இதைத்தான் ஒருவரும் நம்பவில்லை.

பழஞ்சந்தையில் ஒரு பைனாகுலர் வாங்கினார். மழைக்கோட்டு வாங்கினார். ஒரு வரைபடம் வாங்கி, தீவைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக் கட்டிலுக்கு மேலே ஒட்டினார். ஜேர்மனியிலிருந்து கள்ளமாகக் கப்பலேறி, கனடாக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் நம்மவர் நூற்றைம்பது பேருக்கு மேல் மிதந்துகொண்டிருந்து மீட்கப்பட்ட செய்தி வந்து, அப்போது மூன்று கிழமைதான் ஆகியிருந்தது.

பக்கத்துக் கட்டில் வரதராசா வரைபடத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அண்ணை, இந்தத் தீவிலயிருந்து நேரை மேற்கை போனா என்ன வரும்?”

ஞானரட்ணம் பொய் சொல்லப் பழகாதவர். “கனடாப் பக்கம் வரும்” என்றார்.

அடுத்த நாள் தவரத்தினத்தின் பலசரக்குக் கடையில் வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டே தவரத்தினம் குரலைத் தாழ்த்தினார். “எனக்கொண்டும் வேண்டாம், ஞானம். லா கூர்னெவ்வில என்ரை மச்சான் ஒருத்தன் சும்மா கிடக்கிறான். அவனை மட்டும் சேர்த்துவிடும்.”

“எதிலை சேர்க்கிறது? நான் பறவை பாக்கப் போறன், அண்ணை.”

“ஓம் ஓம். பறவைதான்” என்று தவரத்தினம் கண்ணை மூடித் திறந்தார். ஒரு பிடி கறிவேப்பிலையைச் சும்மா தூக்கிப் போட்டார். அந்தக் கடையில் கறிவேப்பிலை சும்மா கிடைத்த முதல் மனிதர் ஞானரட்ணம்தான்.

கள்ளமாக நாடு விட்டு நாடு ஆள் ஏற்றும் ஏஜென்சிக்காரன் எவனும் தன்னை ஏஜென்சி என்று ஒப்புக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. அதனால் லா ஷப்பலில், இல்லையென்று சொல்பவன்தான் ஏஜென்சி. அடித்துச் சொன்னால் பெரிய ஏஜென்சி. ஞானரட்ணம் ஒரு கிழமை அடித்துச் சொன்னார். மெற்றோப் படியில் முன்பின் தெரியாதவர்கள் எழுந்து நின்று வணக்கம் வைத்தார்கள். “கப்பல் எவ்வளவு பெரிசு, அண்ணை?” என்று ஒருவர் காதோடு கேட்டார். “கப்பலே இல்லை” என்று இவர் கத்தினார். சிறிய படகுதான் என்று அன்று பின்னேரமே முடிவாகிவிட்டது.

இந்தத் தொல்லைக்கு நடுவே முதலாளி வேறு. ஓகஸ்டில் கடை பூட்டும்போது எல்லாரையும் போல் லீவு எடுக்காமல் ஒக்ரோபரில் என்ன விடுமுறை என்று கேட்டு, யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். யோசனை மூன்று கிழமை நடந்தது. லீவு கிடைக்காமல் இடம் கேட்பது மரியாதையில்லை என்று, ஞானரட்ணம் பிரசுரத்தின் அடியில் வெட்டி அனுப்ப வேண்டிய துண்டை நிரப்பித் தலையணைக்குக் கீழே வைத்துக் காத்திருந்தார். முதலாளி கையெழுத்துப் போட்ட அன்றே தபாலில் சேர்த்தார்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. எட்டு இடங்களும் நிரம்பிவிட்டன. பாரிசின் பதினெட்டாம் வட்டாரத்தில் பறவைகள் மீது இவ்வளவு ஆர்வம் இருப்பது சங்கத்துக்கு மகிழ்ச்சியளிக்கிறது. ஐயா அடுத்த வருடம் முயற்சிக்கலாம்.

ஞானரட்ணம் கடிதத்தை வரதராசாவின் முகத்துக்கு நேரே பிடித்தார். “என்ரை தலையணைக்குக் கீழை கை வைச்சது ஆர்?”

“எடுக்கேல்லை அண்ணை, போட்டோக்கொப்பி அடிச்சு எங்கடை பேரைப் போட்டுத்தான் அனுப்பினனாங்கள். நீங்கள் வாயைத் திறக்கமாட்டியள், நாங்கள் என்ன செய்யிறது?”

“எத்தினை பேர்?”

“எட்டுப் பேரும் எங்கடை ஆக்கள்தான். நீங்கள் எப்பிடியும் கூட்டிக்கொண்டு போற ஆள்தானே, உங்களுக்கு ஏன் இடம் எண்டு நினைச்சம்.”

துண்டில் ‘பைனாகுலர் உண்டா?’ என்று ஒரு கேள்வி இருந்தது. எட்டுப் பேரும் உண்டு என்று எழுதியிருந்தார்கள். ஆக, வெளிக்கிடுகிற அன்று காலை அதையும் இரவல் கேட்டார்கள். ஞானரட்ணம் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார். பிறகு வேலைக்குப் போய் அந்த நாலு நாளும் கோப்பை கழுவினார். கடற்காகம் வழமைபோல் நாலு மணிக்கு வந்தது.

வரதராசா மூக்கொழுகத் தடிமனோடு திரும்பி வந்தான்.

“சுத்த ஏமாத்து, அண்ணை. விடியக் காலமை எழுப்பிக் குளிருக்குள்ளை நிப்பாட்டினாங்கள். மூண்டு நேரமும் உருளைக்கிழங்கு. கடைசிவரைக்கும் பறவைதான்.”

“நான் வேறை என்ன சொன்னனான்?”

“நீங்கள் சொன்னா ஆர் நம்புவினம்? ஒரு வெள்ளைச் சாமான், வாத்திலும் பெரிசு, மேலையிருந்து கல்லு மாதிரி விழுந்துது. செத்துப்போச்சு எண்டு நினைச்சம். பாத்தா, வாயிலை மீனோடை மேலை வருது.”

ஞானரட்ணம் கட்டிலில் உட்கார்ந்தார். “எத்தினை?”

“ஆர் எண்ணினது? நாள் முழுக்க விழுந்துகொண்டுதான் இருந்துது.”

“சிறகு நுனி கறுப்போ?”

“அது தெரியாது. பைனாகுலராலை நான் கப்பலெல்லோ பாத்துக்கொண்டு நிண்டனான்.”

அடுத்த வருடத்துப் பிரசுரம் வந்தபோது ஞானரட்ணம் திருந்தியிருந்தார். வரைபடம் ஒட்டவில்லை. துண்டை அன்றே அனுப்பி, இடமும் உறுதியானது. தவரத்தினத்தின் கடையில், ஒக்ரோபரில் லூர்து மாதாவிடம் போகிறேன் என்று மட்டும் சொன்னார். வாழ்க்கையில் அவர் சொன்ன முதல் பொய் அது. உடனே எல்லாரும் நம்பினார்கள்.

பின்னேரம் தவரத்தினத்தின் மனைவி தில்லைநாயகி, நெற்றி நிறைய வீபூதியோடு, மாதாவின் தீர்த்தத்துக்கென்று இரண்டு வெறும் போத்தல் கொண்டுவந்து கொடுத்தார். கிழமை முடிவதற்குள் ஜன்னலோரக் கட்டிலுக்குக் கீழே பத்தொன்பது போத்தல்கள் சேர்ந்துவிட்டன, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் ஒட்டி.

ஞானரட்ணம் அவற்றையும் தூக்கிக்கொண்டுதான் தீவுக்குப் போய், நிரப்பிக்கொண்டு வர வேண்டும். நல்ல வேளையாக உவெஸ்ஸானில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. கொஞ்சம் உப்புக் கரிக்கும்.