முகத்தைப் பார்க்காமல் கேட்டவர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை காக்ஸ் டவுன் வீட்டிலிருந்து செல்வினின் அக்கா ரெஜினா போன் செய்தார். "மேடம், தம்பி போயிட்டான். ஹார்ட் அட்டாக்." நம் ஆய்வகத்துச் செல்வினுக்கு வயது நாற்பத்து மூன்றுதான்.

ஆட்டிசம் உள்ளவர்களின் மூளை பிறர் முகபாவங்களை எப்படி உள்வாங்குகிறது என்று நாம் ஆராயத் தொடங்கியபோது, சோதனையில் பங்கேற்க வந்தவர் அவர். மூளையின் மின்அலைகளைப் பதிவுசெய்யும் தொப்பியை மாட்டி, திரையில் ஒவ்வொரு முகமாகக் காட்டினேன். கோபமா, பயமா, சோகமா என்று பட்டனை அழுத்த வேண்டும். அழுகிற பெண்ணின் படம் வந்ததும் நிறுத்திவிட்டார். "இவங்க அழல மேடம். யாரோ அழச் சொல்லியிருக்காங்க. இதுக்கு எந்த பட்டன்?" உண்மைதான், படத்தில் இருந்தவர் ஒரு நடிகை. ஆனாலும் தவறான பதில் என்றே குறித்துக்கொண்டேன்.

பதிவுகளில் பார்த்தால், அந்த முகங்களுக்கு அவர் மூளை நம்முடையதைப் போலவே உடனே எதிர்வினை காட்டியிருந்தது. அதைப் பதிலாக மாற்றுவதில்தான் தாமதம். இதைக் கண்ட பிறகும் கட்டுரையின் வரைவில் 'பிறர் உணர்ச்சியை உணர இயலாதவர்கள்' என்று எழுதினேன். அதற்குள் அவர் நம்மிடமே தரவு சரிபார்க்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அந்த வரிக்குப் பென்சிலால் கோடு போட்டு என் மேசைக்கு எடுத்துவந்தார்.

"எங்கம்மா செத்தப்ப நான் அழல. கல்லு மாதிரி நிக்கிறான்னாங்க. மூணு மாசம் எனக்குச் சோறு இறங்கல மேடம். உங்க மெஷின்லயே தெரியுது. நீங்க ஏன் இல்லைன்னு எழுதுறீங்க?"

வரியை அடித்தேன். கட்டுரையை முதலிலிருந்து எழுதினோம், இருவருமாக. அதில் அவர் பெயரும் இருக்கிறது.

போன வருடம் என் கணவர் ஐசியூவில் கிடந்த நாட்களில், யாரிடமும் சொல்லாமல் சிரித்த முகத்தோடு வேலைக்கு வந்தேன். முகங்களை ஆராய்வதே தொழிலான நம்மில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. செல்வின் மட்டும் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்: "மூணு நாளா சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே எடுத்துட்டுப் போறீங்க. உங்க மூஞ்சியப் பாத்து எனக்குப் புரியாது. வாயால சொல்லுங்க. என்ன ஆச்சு?"

அழுதுவிட்டேன். அவர் பதறிப்போய் எழுந்தார். "நான் போகணுமா, இருக்கணுமா?"

"இருங்க செல்வின்."

இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து, நான் அழுது முடிக்கும்வரை இருந்தார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதுதான்: முகத்தை வைத்து முடிவுகட்டாமல், வாய்விட்டுக் கேட்பது. அடக்கம் முடிந்ததும் எல்லோரும் ரெஜினா அக்காவின் கையைப் பிடித்துவிட்டு, பேசாமல் நகர்ந்தார்கள். நான் கேட்டேன்: "நான் போகணுமா, இருக்கணுமா அக்கா?" கல்லறைத் தோட்டத்தின் கேட்டைப் பூட்ட ஆள் வரும்வரை அக்கா தம்பியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்.