நான் திருத்திக் கொடுத்த பாராட்டுகள்

சிங்கப்பூரில் பழைய கார்களை வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கார்கள் தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றின் மூன்றாவது தளத்தில் நிற்கும். அலுவலகம் ஜாலான் புசாரில், குழாயும் பூட்டும் விற்கும் கடைக்கு மேல்மாடியில். முதலாளியின் தகப்பனார் நாகப்பட்டினப் பக்கத்திலிருந்து வந்து தொடங்கிய வியாபாரம். முதலாளியை நாங்கள் எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். விளம்பரம், இணையப் பக்கம், வருகிற விசாரிப்புகளுக்குப் பதில் எழுதுவது எல்லாம் என் பொறுப்பு.

அந்த விசாரிப்புகள்தான் வரவில்லை. தெரிந்தவர் சொல்லி வந்து கார் வாங்கிய தலைமுறைக்கு வயதாகிவிட்டது. அவர்களுடைய பிள்ளைகள் கைப்பேசியில் நான்கு கடைகளை ஒப்பிட்டு, மற்றவர்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். எங்கள் பக்கத்தில் கார்களின் படங்கள் இருந்தன. அவற்றின் கீழே யாரும் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. ஒருநாள் பாய் என்னை அழைத்தார்.

"நம்மால ஆகலம்மா. வெளியில ஒரு ஏஜென்சிகிட்ட கொடுத்துடலாம். மூணு பேரைப் பாருங்க, ஒருத்தரைச் சொல்லுங்க. ஆனா அவங்க இதுக்கு முன்னாடி யாருக்கு வேலை செஞ்சாங்களோ, அவங்ககிட்ட பேசிட்டுச் சொல்லுங்க. ஓட்டிப் பார்க்காம கார் வாங்குவோமா நாம?"

முதல் ஏஜென்சி தஞ்சோங் பகாரில், இருபதாவது மாடியில் இருந்தது. அங்கே பேசிய சீனப் பெண் எங்கள் பக்கத்தை முன்கூட்டியே அலசி வைத்திருந்தார். கார்களின் பரிசோதனை அறிக்கைகளை ஏன் போடுவதில்லை, வாங்கியவர்களிடம் ஒரு வார்த்தை எழுதித் தரச் சொல்லி எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆறு மாதம் ஆகும், அதற்கு முன்னால் எதையும் உறுதி சொல்ல முடியாது என்றார். பரீட்சையில் தோற்றுவிட்டு வெளியே வருவதுபோல லிஃப்டில் இறங்கினேன். இரண்டாவது ஏஜென்சி என்னை ஒரு கேள்வியும் கேட்காமல் விலைப்பட்டியலை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பியது. மூன்றாவது, இரண்டு நண்பர்கள் சேர்ந்து நடத்திய சின்ன ஏஜென்சி. பேச வந்தவருக்கு முப்பது வயது இருக்கும். தமிழர்.

"அக்கா, மத்தவங்களுக்கு நம்ம ஆளுங்க எப்படித் தேடறாங்கன்னு தெரியாது லா. நாங்க தமிழ்ல விளம்பரம் போடுவோம். ஃபர்ஸ்ட் மந்த்லயே உங்க ஃபோன் அடிக்க ஆரம்பிக்கும்."

வேலை விஷயமாக ஒருவர் முழுநேரமும் என்னிடம் தமிழில் பேசியது அதுதான் முதல்முறை. நான் எழுதியிருந்த விளம்பர வரிகளைப் படித்துவிட்டு, இப்படி எழுத இங்கே ஆள் இல்லை அக்கா என்றார். அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பழைய வாடிக்கையாளர்கள் என்று அவர் கொடுத்த இரண்டு எண்களில் ஒன்றுக்குப் பேசினேன். ஒரு முடிதிருத்தும் நிலையக்காரர். பரவாயில்லை, ஆட்கள் வருகிறார்கள் என்றார். இன்னொரு எண்ணுக்கு இரண்டு தடவை அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. அவர்களையே சிபாரிசு செய்து பாய்க்குக் கொடுத்த அறிக்கையில், 'முந்தைய வாடிக்கையாளர்களிடம் விசாரித்தாகிவிட்டது' என்று எழுதினேன்.

வேலை தொடங்கிய இரண்டாவது வாரம் அவர் ஒரு கோப்பு அனுப்பினார். கார் வாங்கியவர்கள் எழுதியதுபோல எட்டுப் பத்துக் கருத்துகள். 'சாம்பிள்தான் அக்கா, தமிழை மட்டும் கொஞ்சம் பாருங்க' என்று செய்தி வந்தது. தமிழ் படுமோசம். 'இந்த நிறுவனத்தின் சேவை மிகவும் அற்புதமாக உள்ளது' என்று எந்த மனிதர் எழுதுவார்? உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பேச்சுத் தமிழுக்கு மாற்றினேன். ஒன்றை முழுக்க அடித்துவிட்டுப் புதிதாகவே எழுதினேன்:

'எங்க அத்தைக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ். மழை நாள்ல டாக்சிக்கு நின்னு நின்னு வெறுத்துப் போய்த்தான் இங்க கார் வாங்கினோம். ஒரு வருஷமாச்சு. ஒரு தடவைகூட வழியில நின்னதில்ல.'

என் மாமியார் நான்கு வருடம் டயாலிசிஸ் செய்துகொண்டவர். மழையில் அவரைப் பிடித்தபடி டாக்சிக்கு நின்றது நான்தான். எங்களிடம் கார் இருந்ததில்லை. அவர் போய்ச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. எழுதி முடித்தபோது, ஏதோ நல்ல காரியம் செய்ததுபோல மனசு லேசாக இருந்தது. மாதிரிக்கு எதற்கு இவ்வளவு கவனம் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. அவரையும் கேட்கவில்லை.

முதல் மாதமே தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. பாய் எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். நல்ல ஆளைப் பிடித்தீர்கள் என்று எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார்.

நான்கு மாதம் கழிந்தது. ஒரு மத்தியானம், ஐம்பது தாண்டிய ஒருவர் அலுவலகத்துக்குப் படியேறி வந்தார். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. சட்டையில் எண்ணெய்க் கறை. எங்களிடம் கார் வாங்கியவர். முந்தைய வாரம் அது விரைவுச்சாலையில் நின்றுவிட்டதாம். உள்ளே அவர் மனைவி. டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில், இழுவை வண்டி வரும்வரை ஒன்றரை மணி நேரம் சாலையோரம் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

"கியர்பாக்ஸுங்கிறாங்க. அதை உங்க ஆளுங்ககிட்ட பேசிக்கிறேன். இப்ப வந்தது வேற விஷயம்மா." கைப்பேசியை என் பக்கம் நீட்டினார். "இவங்களும் இதே மாடல்தான் வாங்கியிருக்காங்க. ஒரு வருஷமா நிக்கவே இல்லங்கிறாங்க. எந்த வொர்க்ஷாப்ல சர்வீஸ் பண்றாங்கன்னு கேட்கணும். நம்பர் கிடைக்குமா? இதைப் படிச்சுத்தான் நான் இங்கேயே வந்தேன்."

திரையில் நான் எழுதிய வரிகள். மேலே ஏதோ ஒரு பெண்ணின் பெயர், ஒரு பூப்படம், ஐந்து நட்சத்திரம்.

"கேட்டுச் சொல்றேண்ணே" என்றேன். என் வாயிலிருந்து அதுதான் வந்தது.

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான் எங்கள் பக்கத்தைத் திறந்து கீழே வரை படித்தேன். அதுவரை நான் அதை முழுக்கப் படித்ததே இல்லை. படிக்காமல் இருந்தேன் என்று சொல்வதுதான் சரி. ஒவ்வொன்றாக என் வாக்கியங்கள் வந்துகொண்டே இருந்தன. சிலவற்றை இரண்டாக வெட்டி இரண்டு பேர் எழுதியதுபோலப் போட்டிருந்தார்கள்.

ஏஜென்சிக்காரரை அழைத்தேன். அவர் பதறவில்லை.

"எல்லாக் கடையும் பண்றதுதானேக்கா. இதுல என்ன இருக்கு?"

"சாம்பிள்னுதானே சொன்னீங்க?"

"சாம்பிளுக்கா அத்தை கதையெல்லாம் எழுதினீங்க? நானே ஷாக் ஆயிட்டேன், அவ்வளவு நேச்சுரலா இருந்துச்சு." சிரித்தார். "அக்கா, நீங்க எடிட் பண்ணின ஃபைல் எங்கிட்ட இருக்கு. டென்ஷன் ஆகாதீங்க லா."

மிரட்டினாரா, ஆறுதல் சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. சிராங்கூன் சாலை வரை நடந்துபோய், கூட்டத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். பாயின் அறைக் கதவைத் தட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன், எடுக்கப்படாத அந்த இரண்டாவது எண் உட்பட.

பாய் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு, "உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

"தெரிஞ்சுக்காம இருந்துட்டேன் பாய்."

"அது தெரிஞ்ச மாதிரிதாம்மா." குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "இன்னிக்கே எல்லாத்தையும் எடுக்கச் சொல்லுங்க. ஏஜென்சியை நிறுத்திடுங்க. அந்தாளு காருக்கு நம்ம செலவுலயே கியர்பாக்ஸ் மாத்திக் கொடுத்துடலாம். காரணம் எதுவும் சொல்ல வேணாம்."

காரணம் சொல்லாமலிருக்க என்னால் முடியவில்லை. அந்த மனிதர் எண்ணுக்காகக் காத்திருந்தார். இரண்டு நாளில் இரண்டு தடவை செய்தி அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள், அவர் மனைவி டயாலிசிஸுக்கு வரும் நேரத்தையும் நிலையத்தையும் அவரிடமே கேட்டுக்கொண்டு அங்கேயே போனேன். பாயிடம் சொல்லவில்லை.

வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருவரும் முறைக்காகக் காத்திருந்தார்கள். அந்த அம்மா என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருக்கலாம். கையில் ஊசி ஏற்றும் இடம் புடைத்திருந்தது. என் மாமியாரின் கையும் அப்படித்தான் இருந்தது.

"அண்ணே, அந்த நம்பர் கிடைக்காது. அப்படி யாரும் எங்ககிட்ட கார் வாங்கல. அதை எழுதினது நான்தான்."

அவருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. "நீங்க வாங்கினீங்களா?"

"இல்ல. எங்க வீட்ல காரே கிடையாது. எங்க அத்தைக்கு டயாலிசிஸ்ங்கிறது உண்மை. மத்ததெல்லாம் பொய்."

அவர் தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவிதான் கேட்டார்.

"உங்க அத்தை இப்ப எப்படி இருக்காங்க?"

"தவறிட்டாங்கக்கா."

அந்த அம்மா தலையை மெல்ல ஆட்டினார். "இவர் எனக்கு இதை வாசிச்சுக் காட்டினாரு. நம்மள மாதிரியே ஒரு குடும்பம்னு சொன்னாரு. நான் கோயிலுக்குப் போறப்பல்லாம் அந்தம்மாவுக்கும் சேர்த்து வேண்டிக்குவேன்."

உள்ளேயிருந்து தாதி கூப்பிட்டார். அந்த அம்மா எழுந்து போனார். கணவர் கதவு மூடும்வரை காத்திருந்து என் பக்கம் திரும்பினார்.

"உங்களைத் திட்டணும்னு தோணுது. ஆனா இங்க வேணாம். நீங்க போங்க."

போனேன்.

கியர்பாக்ஸை மாற்றிக் கொடுத்தோம். காரை எடுத்துப்போக அவர் வரவில்லை, மகளை அனுப்பினார். நான் நிலையத்துக்குப் போனது பாய்க்கு எப்படியோ தெரிந்துவிட்டது. என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அனுப்பவில்லை. ஆனால் புதிதாக யாருக்காவது வேலை கொடுப்பதென்றால் இப்போது அவரே பேசுகிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறேன். அது சரிதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் முகம் சூடாகிறது.

பொய்க் கருத்துகளை எடுத்தபிறகு பக்கம் பழையபடி காலியானது. விசாரிப்புகள் குறைந்தன. விற்பனையில் இருந்த இருவர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். பரிசோதனை அறிக்கைகளைக் காருக்குக் கார் ஏற்றி வருகிறேன். வாங்கியவர்களை அழைத்து, நல்லதோ கெட்டதோ எழுதுங்கள் என்று கேட்கிறேன். பெரும்பாலானவர்கள் சரி என்பார்கள், எழுத மாட்டார்கள்.

போன மாதம் அந்த மனிதரே எழுதினார், ஆங்கிலத்தில், நான்கு வரி. கார் விரைவுச்சாலையில் நின்றது, பழுது பார்த்துக் கொடுத்தார்கள், இங்கே வாங்குகிறவர்கள் வெளியாள் ஒருவரை வைத்துச் சோதித்துவிட்டு வாங்குங்கள். இரண்டு நட்சத்திரம்.

பாய் அதை என்னிடம் காட்டி, "எடுக்க முடியுமா?" என்று கேட்டார்.

"முடியாது பாய். எடுக்கவும் கூடாது."

அவர் கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பதில் எழுதும் வேலை என்னுடையது. இன்றுவரை எழுதவில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் வாக்கியங்கள் மிகச் சுலபமாக வருகின்றன, அதனாலேயே அழித்துவிடுகிறேன்.