வெளங்காத வடிகால்

குத்தகைக்கு ரெண்டு மா நிலம், பழைய ஆயில் இன்ஜின், மகள் மேகலாவுக்கு நர்சிங் படிப்பு. புருஷன் செத்த பிறகு ஊரோடு மல்லுக்கட்டிக் காத்தாயி அடைந்தவை இவை. ஆனாலும் வரப்பில் வழுக்கினாலும், மகளின் காலேஜ் பஸ் வராவிட்டாலும் அவள் வாயில் வருவது ஒரே சொல்தான்.

"வெளங்காத இன்ஜினு! இருமுதே தவிர ஓடுதா பாரு!"

மயிலாடுதுறைப் பக்கம் இந்தச் சொல்லுக்கு யாரும் பொருள் கேட்பதில்லை. உருப்படாதது, நேரங்கெட்டது, ஆளை அழவைப்பது எல்லாம் வெளங்காததுதான். அறுப்பு நேரத்தில் பெய்தால் வெளங்காத மழை. தூங்கவிடாமல் அலறினால் வெளங்காத மைக்செட்டு. மனுஷரையும் நட்ட பயிரையும் மட்டும் அவள் அப்படிச் சொல்லமாட்டாள். "பலிச்சிட்டா?" என்பாள்.

அந்த ஐப்பசி மழையில் சம்பாப் பயிர் மூழ்கியது. வடிகாலை ஆகாயத்தாமரை அடைத்திருந்தது. இரண்டொரு நாளில் நீர் வடியாவிட்டால் பயிர் அழுகிவிடும். அவள் சொல்லச் சொல்ல அண்ணன் வைரக்கண்ணு மனு எழுதினார். ஐந்தாவது வரை படித்தவர். ஒரு சொல்லையும் விடமாட்டார். எழுத்தை மட்டும் திருத்தினார்: 'எங்கள் ஊர் விளங்காத வடிகாலைத் தூர்வார வேண்டும்.'

நீர்வளத்துறை அலுவலகத்தில் புதிதாக வந்திருந்த பொறியாளர் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "எந்த வடிகால்னு விளங்கலையா? இருங்க, மேப் பாத்துச் சொல்றேன்."

"எங்களுக்கு நல்லா வெளங்குதுங்க சார். எங்க போறதுன்னு தண்ணிக்குத்தான் வெளங்கல" என்றாள் அண்ணனோடு வந்திருந்த காத்தாயி.

அவர் சிரித்துவிட்டார். விவரம் கேட்டுக்கொண்டு, மறுநாளே பொக்லைன் அனுப்புவதாகச் சொல்லி, ஸ்டாம்ப் பேடை நகர்த்தினார். "கைநாட்டு வைங்கம்மா."

காத்தாயி விரலை நீட்டவில்லை.

"போன வருசம் எங்க தெருவே கைநாட்டு வச்சுக் குடுத்துச்சு. யாரு குடுத்ததுன்னே வெளங்கலன்னுட்டாங்க. அண்ணே, பேனாவக் குடு."

"ஏ புள்ள, ஒனக்கு எழுத..."

"நீ சும்மா இருண்ணே."

எப்போது கற்றாள் என்று வைரக்கண்ணுவுக்குத் தெரியாது. எட்டிப் பார்த்தவரை முழங்கையால் மறைத்துக்கொண்டு, உழவுசால் பிடிப்பதுபோல் பல்லைக் கடித்துத் தன் பெயரை எழுதினாள். வாசல் வரை போனவள் என்னவோ தோன்றித் திரும்பி வந்து, 'த்' எழுத்துக்குப் புள்ளி வைத்தாள்.

2022 நவம்பர் 14, திங்கட்கிழமை.