ஏற்கெனவே பதில் உள்ள கேள்வி

கேள்வி கேட்கத் தெரியாதவர்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே எரிச்சல் வரும். சுற்றி வளைத்து, இழுத்து, கடைசியில் "ஒண்ணுமில்ல, சும்மாதான் கேட்டேன்" என்று முடிப்பவர்கள். விஷயத்துக்கு வாருங்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன். இந்தக் குணத்தால் உறவுக்காரர்கள் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. ஆனால் இதே குணத்துக்குச் சம்பளம் கொடுக்கும் வேலை ஒன்று எனக்கு அமைந்தது.

அமெரிக்காவில் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் என் வீட்டு மாடியறையில் உட்கார்ந்துகொண்டு, இன்ஷூரன்ஸ் பற்றிய கேள்வி பதில் தளம் ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். யார் வேண்டுமானாலும் பெயர் போடாமல், போன் நம்பரை மட்டும் கொடுத்துக் கேள்வி கேட்கலாம்; அந்த நம்பர் ஏஜென்ட்டுகளுக்கு மட்டும் தெரியும். லைசன்ஸ் வைத்திருக்கும் ஏஜென்ட்டுகள் பதில் எழுதுவார்கள். பதில் பிடித்துப்போனால் கேட்டவர் தங்களிடமே பாலிசி எடுப்பார் என்பது ஏஜென்ட்டுகளின் கணக்கு. நான் சேர்ந்தபோது அந்தத் தளம் சந்தைக்கடையாக இருந்தது. ஒரே கேள்வியை நாற்பது விதமாகக் கேட்டிருப்பார்கள். ஏஜென்ட்டுகள் ஒரே பதிலை நாற்பது இடத்தில் ஒட்டிவைத்திருப்பார்கள். போதாததற்குச் சிலர் கேள்வி கேட்டவரை போனில் துரத்தித் துரத்திக் கூப்பிடுவார்கள்.

அதைச் சீர்படுத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதல் வேலையாக, ஏஜென்ட்டுகள் கேட்டவரை நேரடியாகத் தொடர்புகொள்ளக் கூடாது என்று ரூல் போட்டேன். எது பேசினாலும் அந்தப் பக்கத்திலேயே பேச வேண்டும். அடுத்ததுதான் நான் பெருமைப்பட்ட காரியம். ஒருவர் புதிதாகக் கேள்வி எழுதியதும் அதைப் பழைய கேள்விகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் புரோகிராம் ஒன்றை எழுதினேன். ஒத்துப்போனால் "இதற்கு ஏற்கெனவே பதில் உள்ளது" என்று சொல்லிப் பழைய பதிலைக் காட்டிவிட்டுப் புதிய கேள்வியை மூடிவிடும். மூடிய கேள்வியின் கீழ் யாரும் எதுவும் எழுத முடியாது.

எல்லோருக்கும் பிடித்துப்போனது. பிளசன்டனில் இருக்கும் என் மேலாளர் வீடியோ காலில் கை தட்டினார். ஏஜென்ட்டுகளும் குப்பை குறைந்தது என்று எழுதினார்கள், ஒருவரைத் தவிர.

அவர் பக்கத்து ஊரான பிஸ்கட்டவேயில் இருக்கிறார். ராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம் குடும்பம். ஏறக்குறைய என் வயது. ஐடி வேலை போனபின் இன்ஷூரன்ஸ் லைசன்ஸ் எடுத்தவர். நானும் தமிழ் என்று தெரிந்த நாளிலிருந்து என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். ஏஜென்ட்டுகளோடு பேசும் மாதாந்தரக் கூட்டத்தில் ஒருமுறை, எல்லோரும் போனபின் அவர் மட்டும் லைனிலேயே இருந்தார்.

"சிஸ்டர், தெளிவாக் கேக்கத் தெரிஞ்சவன் கூகுள்லயே பாத்துக்குவான். குழப்பமா கேக்கறவங்கதான் நம்மகிட்ட வர்றாங்க. அவங்கள வாசல்லயே திருப்பி அனுப்பிட்டா எப்படி?"

"திருப்பி அனுப்பலையே. பதில் காட்டறோமே."

"அது அவங்க கேட்டதுக்குப் பதிலான்னு யார் பாக்கறா?"

எனக்குச் சுருக்கென்றது. அவருக்கு வரவேண்டிய வாடிக்கையாளர்கள் குறைந்துவிட்ட கோபம் என்று நினைத்துக்கொண்டேன். அதன்பின் வாரம் ஒரு ஈமெயிலாவது அவரிடமிருந்து வந்தது. இந்தக் கேள்வியைத் திறந்துவிடுங்கள், இது அது இல்லை என்று. எங்கள் டீமில் அவருக்குப் பெட்டிஷன் மாஸ்டர் என்று பெயர் வைத்தது நான்தான். அவருக்கென்றே இரண்டு வரியில் ஒரு பதிலைத் தயாராக எழுதிவைத்திருந்தேன். அவர் ஈமெயில் வந்தால் அதை எடுத்து அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவேன்.

எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி ஒரு குடும்பம். அந்த வீட்டுப் பெண்மணி பொள்ளாச்சிக்காரி. எனக்கு ஈரோடு. அந்த ஒரு காரணத்துக்காகவே குடிவந்த முதல் வாரத்திலேயே என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவள் வேலைக்குப் போகவில்லை. கணவருக்கு ஒரு மருந்துக் கம்பெனியில் ஐடி வேலை. பதினொரு வயதில் ஒரு பெண். கிரீன் கார்டு வந்து, வீடு வாங்கி, பின்பக்கம் முருங்கை வைத்து அது குளிரில் பட்டுப்போக, மறுபடி தொட்டியில் வைத்து வீட்டுக்குள் எடுத்துவைத்தவள். மகளின் பிறந்தநாளன்று வந்திருந்தவர்களிடம் என் தளத்தைப் பற்றி நான் அளந்துகொண்டிருந்தேன்.

"பேரே போட வேண்டாம். யார் கேட்டாங்கன்னு எனக்கேகூடத் தெரியாது" என்றேன்.

அவள் பேப்பர் தட்டில் பிரியாணி வைத்துக்கொண்டே, "அப்படியாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த இலையுதிர் காலத்தில் அவள் கணவருக்கு வேலை போயிற்று. எங்கள் யாருக்கும் தெரியாது. லேஆஃப் என்றால் இங்கே நம்மவர்கள் யாரிடமும் சொல்ல மாட்டார்கள். ஊரில் இருக்கும் பெற்றோருக்குத் தெரிந்துவிடும், தமிழ்ப் பள்ளியில் நான்கு பேர் பரிதாபமாக விசாரிப்பார்கள், அடுத்த வேலை கிடைத்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்று மூடிவைப்பார்கள். அவரும் தினமும் காலை எட்டேகால் மணிக்கு லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு காரில் கிளம்பினார். நான் குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துவந்த நாட்களில் கை காட்டினார். நானும் பதிலுக்குக் கை காட்டினேன். அவர் போனது லைப்ரரிக்கு.

பொங்கல் கழிந்த வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு, அந்த லைப்ரரியின் கார் நிறுத்துமிடத்தில் அவர் விழுந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்தபோது உயிர் இல்லை. வேலை நாளில் அந்த நேரத்துக்கு அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்று எல்லோரும் கேட்டதில்தான் அவருக்கு வேலை போன விஷயம் தெருவுக்கே தெரிந்தது. இரண்டு வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததும் அப்போதுதான் தெரிந்தது. அந்தச் சமயம் இந்தியா போயிருக்கிறார் என்று அவள் எங்களிடம் சொல்லியிருந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து பத்து நாள் கழித்துப் பேப்பர்களைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரி நான்தானே. சாப்பாட்டு மேஜையில் அவள் ஃபைல்களைப் பரப்பிவைத்தாள். டெக்சாசிலிருந்து வந்திருந்த அவள் அண்ணன் பக்கத்தில் நின்றார். மகள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்டேன். "ஐம் நாட் ஹங்க்ரி, ஆன்ட்டி" என்றாள்.

வீட்டுக் கடன் இருக்கிறது. அவளுக்குச் சம்பாத்தியம் இல்லை. "கவலைப்படாதே. கம்பெனி கொடுத்த லைஃப் இன்ஷூரன்ஸ் இருக்கும். வீட்டை விட வேண்டியதில்லை, பாப்பா இதே ஸ்கூல்ல படிக்கலாம்" என்று நான்தான் வாக்குக் கொடுத்தேன். தெரிந்த தொழில் என்ற தைரியம். ஸ்பீக்கரில் போட்டுக் கம்பெனியின் எண்ணுக்குப் பேசினேன். ஒரு பெண் பொறுமையாக விளக்கினாள். வேலையின் கடைசி நாளோடு அந்த பாலிசி முடிந்துவிட்டது. அதன்பின் ஒரு மாதத்துக்குள் ஒரு படிவம் அனுப்பியிருந்தால், உடம்பைப் பரிசோதிக்காமலே அதை அவர் தன் சொந்த பாலிசியாக மாற்றிக்கொண்டிருக்கலாம். படிவம் எதுவும் வரவில்லை. உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்.

அண்ணன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். எனக்கு வந்தது கோபம். துக்க வீடு என்றும் பார்க்கவில்லை.

"உடம்பு சரியில்லாதவருக்கு வேற எங்க பாலிசி கிடைக்கும்? இதை விடலாமா? மூணு வீடு தள்ளி நான் இருக்கேனே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டேன்க்கா" என்றாள் அவள். "உங்க சைட்லதான் கேட்டேன். இதுக்கு ஏற்கெனவே பதில் இருக்குன்னு வந்துச்சு. பதினெட்டு மாசம் வரைக்கும் கன்டின்யூ பண்ணிக்கலாம்னு போட்டிருந்துச்சு. அதான் மாசாமாசம் கட்டிட்டு வந்தேனே, எல்லாம் அதுலயே சேர்த்திதான்னு நெனச்சேன்."

பதினெட்டு மாதம் என்பது மருத்துவ இன்ஷூரன்ஸுக்கு. வேலை போனாலும் பழைய கம்பெனியின் மருத்துவ இன்ஷூரன்ஸை நம் காசில் தொடரலாம். உயிருக்கான பாலிசிக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அதை நான் அவளிடம் விளக்கினேனா இல்லையா என்று இப்போது நினைவில்லை. வீட்டுக்கு வந்து மாடியறைக் கதவைச் சாத்திக்கொண்டு தேடினேன்.

பெயர் இல்லை, ஆனாலும் பத்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். "கணவர் இப்போது இரண்டு புராஜெக்ட்டுக்கு நடுவில் இருக்கிறார். கம்பெனியில் குடும்பத்துக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. பிற்பாடு குடும்பத்துக்கு உதவுமே, அது. அதைத் தொடர முடியுமா? அவர் நன்றாக இருக்கிறார். சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். அவர் நன்றாகத்தான் இருக்கிறார்." லேஆஃப் என்று எழுதவில்லை. லைஃப் என்று எழுதவில்லை. கணவரைப் பற்றிச் சொல்லும் இடத்தில் சாவு என்ற சொல்லை எழுத அவளுக்குக் கை வரவில்லை. என் புரோகிராம் கம்பெனி, குடும்பம், இன்ஷூரன்ஸ், தொடர்வது என்ற நான்கையும் பொறுக்கியெடுத்து, மருத்துவ இன்ஷூரன்ஸ் பதிலைக் காட்டிக் கதவைச் சாத்திவிட்டது. நாளைப் பார்த்தேன். வேலை போய்ப் பன்னிரண்டாவது நாள். இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் அவகாசம் இருந்திருக்கிறது.

அதோடு நின்றிருந்தால் புரோகிராமின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு நான் எப்படியோ தூங்கியிருப்பேன். அந்தக் கேள்வியின் எண்ணை என் ஈமெயிலில் தேடினேன். மறுநாளே பெட்டிஷன் மாஸ்டர் எழுதியிருந்தார்.

"சிஸ்டர், இவங்க கேட்கிறது மருத்துவ இன்ஷூரன்ஸ் இல்லை. நம்ம ஊர்ப் பெண் என்று நினைக்கிறேன். நம்ம ஆட்கள்தான் வீட்டுக்காரர் விஷயத்தில் அந்த வார்த்தையை எழுத மாட்டார்கள். நன்றாக இருக்கிறார் என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால் நன்றாக இல்லை. ஒரு மாதத்துக்குள் படிவம் போட வேண்டும், அதை இவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும். நான் கூப்பிட முடியாதபடி நீங்கள் ரூல் போட்டுவிட்டீர்கள். தயவுசெய்து இந்த ஒரு கேள்வியை மட்டும் திறந்துவிடுங்கள்."

அதற்குக் கீழே நான் அனுப்பிய பதில் இருந்தது. நாலு நிமிடத்தில் அனுப்பியிருக்கிறேன். அவர் எழுதியதைப் படித்ததாகக்கூட எனக்கு ஞாபகம் இல்லை.

மறுநாள் அவருக்கு போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னதும் இறந்தவருக்காக வாய்க்குள் ஏதோ ஓதினார். பிறகு, "பிள்ளைங்க இருக்கா சிஸ்டர்?" என்று கேட்டார். ஒரு பெண் என்றேன். "நான் ரூலை மீறிக் கூப்பிட்டிருக்கணும். கம்ப்ளெய்ன்ட் ஆகி லைசன்ஸ் போயிடுமோன்னு பயந்துட்டேன்" என்றார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை.

தளத்தை மாற்றினேன். இப்போது கேள்வி மூடாது. பழைய பதிலைக் காட்டி, "நீங்கள் கேட்டது இதைத்தானா?" என்று கேட்கும். இல்லையென்றால் ஒரு ஏஜென்ட் வந்து திருப்பி நாலு கேள்வி கேட்பார். செய்வதற்கு ஒன்றரை நாள் ஆயிற்று. குப்பை மறுபடி சேர்கிறதே என்று மேலாளர் முனகினார். சேரட்டும் என்றேன்.

ஆனால் அவளிடம் சொல்லவில்லை. குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன், பெண்ணைப் பள்ளியில் டிராப் பண்ணினேன், ஃபாரங்களை நிரப்பினேன், அதை மட்டும் சொல்லவில்லை. அவளோ பார்க்க வருபவர்களிடமெல்லாம், "எனக்குக் கேக்கத் தெரியலைங்க. ஒழுங்காக் கேட்டிருந்தா வீடாவது மிஞ்சியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படி உட்கார்ந்திருந்ததை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பள்ளி விடுமுறை விட்டதும் வீட்டை விற்றார்கள். அண்ணனோடு டெக்சாஸ் போக முடிவாயிற்று. கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் போனேன். ஹால் முழுக்க அட்டைப்பெட்டிகள். முருங்கைத் தொட்டியை எனக்காக வாசலருகே எடுத்துவைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் இனிமேலும் சொல்லாமல் இருக்க முடியாது என்று தோன்றிவிட்டது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். போனில் அந்த ஈமெயிலைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன்.

ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து மெதுவாகப் படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"அப்ப நான் கேட்டது ஒருத்தருக்குப் புரிஞ்சிருக்கு" என்றாள்.

"புரிஞ்சிருக்கு. நீ சரியாத்தான் கேட்டிருக்கே. தப்பு என் மேல."

அவள் அழவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அவருக்கு நீங்க என்னக்கா ரிப்ளை பண்ணீங்க?"

ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். இந்த ஒரு கேள்விக்காவது ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று இருந்தது. கீழே தள்ளி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இருந்ததை இருந்தபடி தமிழில் சொன்னேன்.

"உங்கள் கருத்துக்கு நன்றி. இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே பதில் உள்ளது."

அவள் தலையாட்டினாள்.

"எனக்கும் அதேதான் வந்துச்சு" என்று சொல்லிவிட்டு, எழுந்து அடுத்த பெட்டிக்கு டேப் ஒட்டப் போனாள்.