ரேடாரின் வாயை அடைக்க நான் தெரிவு செய்த விமானம்

அச்சகத்தில் இராவேலை செய்கிறவனுக்கு ஊர்க் கலியாணங்கள் எல்லாம் ஒரு மாதம் முந்தியே தெரியும். கலியாண வீட்டில் மட்டும் அவனைக் காணக் கிடைக்காது, அந்நேரம் தூங்கப் பார்த்துக்கொண்டிருப்பான். பகலில் கண் மூடாமல் புரண்டு படுக்கும் சகோதரர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. எண்பதுகளில் கல்முனை அச்சகமொன்றில் ஈய எழுத்துக் கோத்தேன். அந்தத் தூங்காத பகல்களில்தான் அகராதியை வைத்து இங்கிலீசும், இங்கிலீசை வைத்துப் போர் விமானமும் படித்தேன்.

ஒரு பக்கம்

சவூதியிலிருந்து வந்தவர்கள் சாமான் சுற்றிக்கொண்டு வந்த விமானச் சஞ்சிகைகள் என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தன. லெபனானில் சண்டை நடந்த காலம். அங்கே காவலுக்கு ரேடாரும் ஏவுகணையும் இருந்தும் விமானங்கள் எப்படி உள்ளே வந்தன என்று தேத்தண்ணிக் கடையெல்லாம் அதே கேள்வி. எதிரியின் ரேடார்களை ஒழிக்க எந்த விமானத்தைத் தெரிவு செய்யவேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினேன். முதலாளி ஹாஜியார் மாதச் சஞ்சிகை ஒன்றும் நடத்தினார். வருடக்கணக்காக மற்றவர் பெயர்களையே கோத்த கை, ஒரு தடவை தன் பெயரைக் கோக்க ஆசைப்பட்டது. ஹாஜியார் தாள்களைப் புரட்டிவிட்டுச் சொன்னார்:

"மாஸ்டர் ஓம் எண்டா உங்கட பேரோட போடுவம். இல்லாட்டி அந்தப் பக்கத்துக்குப் பற்பொடி விளம்பரம் ரெடியா இரிக்கி."

பீரங்கி இல்லாத விமானம்

மாஸ்டர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். சஞ்சிகைக்கு வருவதையெல்லாம் அவர்தான் திருத்துவார். விமானம் என்றால் அவருக்கு வேகம். புதிய, சின்ன, ஒற்றை ஆள் விமானங்கள் இருக்க, பாரமான, புகை கக்கும் பழைய அமெரிக்க எப்-4ஜியை நான் தெரிவு செய்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

அதில் இரண்டு பேர், மாஸ்டர், என்றேன். முன்னால் இருப்பவர் ஓட்டுவார். ரேடார் அலை எங்கிருந்து வருகிறது, எந்த வகை என்று கண்டுபிடிப்பதுதான் பின்னால் இருப்பவருக்கு வேலை. அந்த அலையைப் பிடித்துக்கொண்டே ஏவுகணை போகும். தனி ஆள் ஓட்டுவாரா, அலைக்குக் காது கொடுப்பாரா? அந்தக் கருவிகளுக்கு இடம் காணாமல் மூக்கிலிருந்த பீரங்கியையே எடுத்துவிட்டார்கள் என்று பெருமையாகச் சொன்னேன். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"துவக்கக் கழட்டி வீட்ட வெச்சிட்டுச் சண்டைக்குப் போற ஆள உங்கட கட்டுரையிலதான் தம்பி காணுறன்."

யானைக் காவல்

அடுத்த கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு மாஸ்டர் என்னைச் சரியான இடத்தில் பிடித்தார். ரேடார்காரன் ரேடாரை அணைத்துவிட்டால்? அலை இல்லையென்றால் ஏவுகணைக்கு வழி தெரியாது. அவன் தப்பிவிடுவான், உங்கட விமானம் தோத்துப்போச்சு என்றார். என் தலைப்போ 'ரேடாரை அழிக்கும் விமானம்'. என் பக்கத்துக்கு இனிப் பற்பொடிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மகளின் கலியாணக் கார்டுக்காக வரிப்பத்தான்சேனையிலிருந்து வந்த வயற்காரர் ஒருவர், எல்லாருக்கும் அண்ணன் முறையில் காக்கா, வாங்குப் பலகையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். தங்கள் வயலுக்கு வரும் தனியன் யானை டோர்ச் வெளிச்சத்தைக் கண்டால் நேரே காவல்காரனிடம் பாயும் என்றார். பயந்து டோர்ச்சை அணைக்கிறவனும் உண்டாம்.

"அணைச்சிட்டுப் பரண்ல பதுங்கினா உசிர் தப்பும்தான் மாஸ்டர். விடிய வெள்ளாம இரிக்குமா?"

அச்சேறிய பேர்

மாஸ்டர் என் தாள்களை ஹாஜியாரிடம் நீட்டி, "போடுங்க" என்றார். நான் தலைப்பில் 'அழிக்கும்' என்பதை எடுத்துவிட்டு 'அடக்கும்' என்று கோத்தேன். ரேடாரை உடைத்தே ஆகவேண்டும் என்றில்லை, மற்ற விமானங்கள் போய்வரும்வரை அது பயந்து அணைந்திருந்தாலே வேலை முடிந்தது என்று ஒரு பந்தி சேர்த்தேன். அடியில் என் பெயர். மாஸ்டர் அந்தப் பந்தியைப் பள்ளிவாசல் முன்றலில் நாலு பேருக்கு வாசித்துக் காட்டினாராம்; என்னைக் காணும் இடத்தில் அவரே முந்தி ஸலாம் சொல்லத் தொடங்கினார்.

கார்டு எடுக்க வந்த காக்காவுக்கு ஒரு பிரதி கொடுத்தேன். விரல் வைத்து அடிவரை வாசித்தார்.

"நல்லாத்தான் எழுதியிரிக்கீங்க தம்பி. நம்மட ஆனையத்தான் காணல்ல."

சரியான விமானத்தைத் தெரிவு செய்தவன் நான்தான் என்று இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். அது ஏன் சரி என்று எனக்கே சொல்லித்தந்த மனிசனை அச்சில் ஏற்றத்தான் இத்தனை காலம் பிடித்தது.