மதாம் வீட்டுப் போஸ்த்

சூடேறிய தூசியின் வாசனை எங்கே வந்தாலும் இன்றைக்கும் எனக்குப் பாட்டுக் கேட்கும். நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு மதாமுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் அவர் தன் பெரிய வால்வு ரேடியோவைப் போட்டால் முதலில் வால்வு சூடேறி அந்த வாசனையும், பிறகு ஆற அமரச் சத்தமும், ஜன்னல் வழியே எங்கள் அடுப்படிக்கு வந்து சேரும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் 'சொல்தா'வாக, அதாவது சிப்பாயாக இருந்து காலமான அவர் கணவர் சைகோனிலிருந்து கப்பலில் கொண்டுவந்த பெட்டி அது. எங்கள் வீட்டிலோ, மாமா கொடுத்த டிரான்சிஸ்டர் ஒன்று ஸ்பீக்கர் கிழிந்து பரணில் ஊமையாகக் கிடந்தது. பாட்டென்றால் உயிரை விடும் அம்மாவுக்கு மதாமின் ரேடியோதான் கதி. "தனம், சத்தமா வெக்கட்டுமா?" என்று மதாமே சுவருக்கு அப்பாலிருந்து கேட்பார்.

எழுபதுகளின் கடைசியில் அந்த ரேடியோ நின்றுபோனது. கொஞ்ச நாளில் மதாமும் மகனோடு இருக்கப் பிரான்சுக்குக் கிளம்பினார். டாக்சியில் ஏறும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "போஸ்த் ஒனக்குத்தான் தனம், மறந்துடாத" என்றார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தவளக்குப்பம் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரிந்த போஸ்ட், தபால்காரர் கொண்டுவருவது ஒன்றுதான். சொந்தபந்தம் அத்தனை பேர் இருக்க மதாம் தனக்குத்தான் கடுதாசி போடப்போகிறார் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் ஈரக்கையோடு வாசலுக்கு ஓடினாள். "பாரீசுலேர்ந்து இன்னும் கப்பலே கெளம்பலம்மா" என்று தபால்காரர் கிண்டல் செய்வார்.

புதுக் குடித்தனம் வருகிறதென்று வீட்டுக்காரர் மதாம் விட்டுப்போன சாமான்களைக் காயலாங்கடை வண்டியில் ஏற்றினார். ரேடியோவும் போனது, அம்மா வாசலில் நின்று 'உச்' கொட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். அன்று மாலை ஆலையிலிருந்து வந்த அப்பாவிடம்தான் ஆற்றாமையைக் கொட்டினாள். "போஸ்த் ஒனக்குத்தான்னு சொல்லிட்டுப் போனவங்க ஒரு வரி போடலியே!"

இளவயதில் பிரெஞ்சுக்காரர் வீட்டில் வேலை பார்த்த அப்பா முதலில் சிரித்தார். அப்புறம் முகம் மாறிவிட்டது. "அடிப்பாவி, அவங்க பேச்சுல போஸ்த்னா ரேடியோடி!"

மூவரும் ஓடினோம். காயலாங்கடைப் பின்புறத்தில் வயர்களைக் கொளுத்திய கரும்புகை கண்ணை எரித்தது. வால்வுகள் நொறுங்கியிருந்தன, செம்புக்காக உள்ளிருந்ததையெல்லாம் பிடுங்கியிருந்தார்கள். "உள்ள ஒண்ணுமில்லக்கா, வெறும் பெட்டியும் ஸ்பீக்கரும்தான்" என்றார் கடைக்காரர். "நம்பிக் குடுத்துட்டுப் போனாங்களே" என்று அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அம்மா அழுது நான் பார்த்தது அதுதான் முதல்தடவை. அப்பா வீட்டுக்குப் போய் ஓட்டைக் குண்டான் ஒன்றை எடுத்துவந்து கடைக்காரரிடம் பதிலுக்குக் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தோளில் ஏற்றினார்.

"துரும்பும் பல்லு குத்த ஒதவும்டி" என்று சொல்லி, பரணிலிருந்த ஊமை டிரான்சிஸ்டரை இறக்கினார். அதற்கு ஸ்பீக்கர் இல்லை, இதற்கு ஸ்பீக்கரைத் தவிர வேறெதுவும் இல்லை. அதை இதற்குள் வைத்து வயரை இணைத்ததும் சைகோன் பெட்டி கணீரென்று பாடியது. முன்பக்கத்துப் பெரிய திருகு மட்டும் சும்மா சுற்றும். ஸ்டேஷன் மாற்றப் பின்பலகையைக் கழற்றி உள்ளே கைவிட வேண்டும்.

மூன்று நாலு வருஷம் கழித்து மதாம் விடுமுறைக்கு வந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "எங்க சொல்தாவோட போஸ்த் இருக்கா தனம்?" என்றார். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஒங்க பெட்டிக்கு என்ன மதாம், ரிப்பேர் பாத்தாச்சு, அப்டியே இருக்கு" என்றவள், துடைத்துத் தருகிறேன் பேர்வழி என்று ரேடியோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். மதாம் முன்னால் உட்கார்ந்து அந்தப் பெரிய திருகை மெல்லத் திருப்பினார். அம்மா பின்பலகையை அவசரமாகக் கழற்றி உள்ளே கைவிட்டு அவர் விரலைப் பார்த்தபடியே குட்டித் திருகைத் திருப்பினாள். மதாம் நிறுத்தினால் அம்மாவும் நிறுத்தினாள். கரகரவென்று இரைந்து, ஒரு பழைய பாட்டில் வந்து நின்றது. "அவரு கை வெச்ச எடம். என் கைக்கும் கேக்குது பாரு" என்று மதாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

போன மாதம் எங்கள் தெருவுக்கு மின்கழிவு வண்டி வந்தது. வயரை எரிக்காமல் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க இப்போது ஆட்கள் இருக்கிறார்கள் என்பதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். செத்த செல்போன்கள், சார்ஜர்களோடு அந்த ரேடியோவையும் எடுத்துவந்து வைத்தேன். சுவருக்கு அப்பாலிருந்து "சத்தமா வெக்கட்டுமா?" என்று கேட்க இன்று எந்தத் தெருவிலும் ஆளில்லை, அம்மா போய் எட்டு வருஷமாகிறது.

வண்டியில் வந்த பெண் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பின்பலகை எங்கேம்மா?" என்றாள்.

பலகை பரணில் பத்திரமாகத்தான் இருக்கிறது. அம்மாதான் கடைசிவரை அதை மாட்ட விடவில்லை. "மதாம் திடுதிப்புனு வந்து நின்னா?" என்பாள்.