டப்பாவில் இருந்த நாலு மாத்திரை

மருந்துக்கடையில் இருபத்திரண்டு வருடம் கால் கடுக்க நின்றவள் அவள். தெருவே அவளைப் ‘பாதி டாக்டர்’ என்று அழைத்தது. அந்தப் பெருமைதான் வினையாக வந்தது.

கேட்ட அளவுக்கு மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுத்தபின், பெயரும் தேதியும் போன துண்டுகள் மிஞ்சும். விற்க முடியாத அவற்றை வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பாள். அட்டைத் தாளின் நிறத்தைப் பார்த்தே இன்ன மருந்து என்று சொல்லிவிடுவாள்.

போன மாதம் முடிதிருத்தும் கணவனுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். நீலத் தாள் துண்டிலிருந்து நாலு ஆன்டிபயாடிக் மாத்திரை எடுத்துக் கொடுத்தாள்.

“பாதி டாக்டரைக் கட்டினா பாதி நோய்தான் குணமாகுமா?” என்று சிரித்துக்கொண்டே விழுங்கினார்.

பத்தாம் நாள் அவர் கையிலிருந்து கத்தரிக்கோல் நழுவியது. மறுநாள் காலே எழும்பவில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்குகிறது என்றார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா.

“சமீபத்துல ஏதாவது மருந்து சாப்பிட்டாரா?”

“இல்லைங்க.” டாக்டர் சீட்டில்லாமல் தானே கொடுத்ததைச் சொல்ல வெட்கம் விடவில்லை.

நாலு நாள் கழித்துக் கடை முதலாளி செல்போனைப் பார்த்தபடி சொன்னார்: “இதைக் கேளும்மா. நம்ம நீல அட்டை மாத்திரைக்கும் நரம்பு வியாதி ஒண்ணுக்கும் சம்பந்தம் இருக்கலாம்னு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. ரொம்ப அபூர்வமாத்தான் வருமாம்.”

அவள் கடையை விட்டு இறங்கினாள். செருப்பைக்கூட மாட்டாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

வார்டில் கணவனுக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்தது. அதற்காக நர்ஸ் ஒரு மருந்து பாட்டிலைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். அதில் அதே மருந்தின் பெயர்!

“சிஸ்டர், நிறுத்துங்க! நான் பொய் சொல்லிட்டேன்!”

வார்டே திரும்பிப் பார்த்தது. ஓடிவந்த டாக்டரம்மாவிடம் டப்பாவைப் பற்றி அழுதபடி எல்லாவற்றையும் கொட்டினாள்.

“மாத்திரைதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. வயித்துல வந்த கிருமியாகூட இருக்கலாம். ஆனா இதை அன்னைக்கே சொல்லியிருக்கணும்.” சொல்லிவிட்டு, வேறு மருந்து எழுதினார்.

அவள் கட்டிலருகே குனிந்தாள். “என்னங்க... என்னை மன்னிப்பீங்களா?”

வார்த்தை குழறியது அவருக்கு. “பாதி டாக்டர்... இனிமே முழுப் பொண்டாட்டியா மட்டும் இரு.”

அவர் உள்ளங்கையில் தன் விரலை வைத்தாள். “இறுக்கிப் பிடிங்க, பார்ப்போம்.”

ஏதோ லேசாக அசைந்தது. அசைந்தது அவர் விரலா, நடுங்கியது தன் கையா? அவளுக்குத் தெரியவில்லை. விரலை எடுக்காமல் அப்படியே நின்றாள்.